எந்த டிஸ்க், எந்த ரைட்டர், எத்தனை எக்ஸ்?

காரைக்குடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் சித்தப்பா மகன் கூப்பிட்டான். "அண்ணே, ஒரு சதாபிஷேகம் எடுத்தேன். பென்டிரைவ்ல தர்றேன்னா வேண்டாங்கிறாங்க. டிவிடியாத்தான் வேணுமாம், அறுபது காப்பி. என்ன டிஸ்க் வாங்கட்டும்? 16எக்ஸ்னு போட்டிருக்கே, அதுலயே ரைட் பண்ணித் தள்ளிரலாமா?"

எண்பது வயதுக்காரரை வாழ்த்த வந்தவர்களில் பாதிப் பேர் எழுபதைத் தாண்டியவர்கள். அவர்கள் வீட்டில் டிவிக்குக் கீழே டிவிடி பிளேயர் இன்னும் இருக்கிறது, மேலே ஒரு பூப்போட்ட துணியோடு. பென்டிரைவைக் கையில் கொடுத்தால் பேரன் ஊரிலிருந்து வரும்வரை அது பீரோவில்தான் கிடக்கும். ஆகவே டிவிடி என்பதில் பிரச்சினை இல்லை. அவன் கேள்வியின் இரண்டாம் பாதியில்தான் பிரச்சினை.

இதே கேள்வியை எடிட்டிங் டேபிளில் உட்கார்ந்திருந்த காலத்தில் நானும் கேட்டிருக்கிறேன், பதிலைப் பணம் கொடுத்தும் கற்றிருக்கிறேன். ஒரு கல்யாணத்துக்கு நாற்பது டிஸ்க் 16எக்ஸில் எழுதிக் கொடுத்து, ஒரு வருஷத்துக்குள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. எல்லாருக்கும் ஒரே புகார்: "கடைசில ஸ்டக் ஆகுது." முகூர்த்தம் ஓடுகிறது, தாலி கட்டுவது தெரிகிறது, மண்டபத்து வரிசை வரும்போது படம் கட்டம் கட்டமாக உடைகிறது. அந்த வரிசையில்தானே டிஸ்க் கேட்டு வாங்கியவர்கள் நிற்கிறார்கள்! பிளேயர் ரிப்பேர்க்காரர் "லென்ஸ் வீக்" என்று சொல்லி முந்நூறு ரூபாய் வாங்கியதுதான் மிச்சம். லென்ஸில் ஒன்றுமில்லை.

ஆக, தம்பியை ஒரு ஞாயிறு பொறுக்கச் சொன்னேன். அவனிடம் இருந்த மூன்று டிரைவ், நாலு வகை டிஸ்க். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் போட்டுப் பார்த்தோம்.

எக்ஸ் கணக்கு

முதலில் அந்த 16எக்ஸ் என்ன என்பதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பாதிக் குழப்பம் அங்கேதான் இருக்கிறது. டிவிடியில் 1எக்ஸ் என்றால் நொடிக்கு 1.385 எம்பி. சிடியின் 1எக்ஸைப் போல ஒன்பது மடங்கு. 4.7 ஜிபி டிஸ்க் முழுவதையும் 1எக்ஸில் எழுத 57 நிமிடம் ஆகும். 4எக்ஸில் 14 நிமிடம். இதுவரை வகுத்தல் சரியாக வருகிறது. இப்படியே போனால் 16எக்ஸில் மூன்றரை நிமிடம் வரவேண்டும். எந்த டிரைவிலும் வராது.

காரணம், டிஸ்க் சுற்றும் விதம். 4எக்ஸில் லேசருக்குக் கீழே தடம் ஒரே வேகத்தில் ஓடும்படி டிரைவ் தன் சுழற்சியை மாற்றிக்கொண்டே போகிறது: உள்ளே வேகமாக, வெளியே மெதுவாக. 16எக்ஸில் அப்படிச் செய்தால் உள்ளே நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றவேண்டும், பிளாஸ்டிக் தாங்காது. அதனால் சுழற்சியை ஒரே அளவில் வைத்துவிடுகிறார்கள், நிமிடத்துக்கு சுமார் 9,200 சுற்று. எழுத ஆரம்பிக்கும் இடம் மையத்திலிருந்து 24 மில்லிமீட்டர், முடிக்கும் இடம் 58 மில்லிமீட்டர். ராட்டினத்தில் நடுவில் உட்கார்ந்தவனும் ஓரத்தில் உட்கார்ந்தவனும் ஒரே சுற்றுதான் சுற்றுகிறார்கள், ஆனால் ஓரத்தில் இருப்பவனுக்குத்தான் வயிறு கலங்கும். டிஸ்கிலும் அப்படியே. உள்ளே ஆரம்பம் 6.6எக்ஸ்தான். 16எக்ஸ் என்ற எண் கடைசி ஓரத்தில், கடைசி நொடியில் மட்டும் தொடப்படும் எண்.

சுற்றுகளை எண்ணினால் இன்னும் தெளிவாகிவிடும். தடத்துக்கும் தடத்துக்கும் இடைவெளி 0.74 மைக்ரான். 34 மில்லிமீட்டர் அகலத்தில் கிட்டத்தட்ட 46,000 சுற்று. 9,200ஆல் வகுத்தால் ஐந்து நிமிடம். முன்னாலும் பின்னாலும் டிரைவ் செய்யும் சில்லறை வேலைகளைச் சேர்த்தால் ஐந்தரை, ஆறு. டெஸ்க்டாப் டிரைவில் 8எக்ஸ் என்று வைத்தால் பெரும்பாலும் 6எக்ஸில் தொடங்கிச் சீக்கிரமே 8ஐத் தொட்டு அங்கேயே நிற்கும். எட்டு நிமிடத்தில் முடியும்.

அதாவது எட்டிலிருந்து பதினாறுக்குப் போவதால் மிச்சம் இரண்டு சொச்சம் நிமிடம். 24எக்ஸ் டிரைவின் பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் அந்த 24 கொடுப்பது அதற்கு மேல் ஒரு நிமிடத்தை ஒட்டி. ஒரு டீ ஆறும் நேரம்கூட இல்லை. இதற்காக டிஸ்கின் ஓரம் மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, லேசர் அந்த வேகத்தில் 0.4 மைக்ரான் நீளக் குறிகளை டிஸ்கின் உள்ளே பூசியிருக்கும் சாயத்தில் சுட்டுக்கொண்டே போகவேண்டும்.

வெளி ஓரத்தில் எழுதப்படுவது படத்தின் கடைசிப் பகுதி. "கடைசில ஸ்டக் ஆகுது" என்ற புகாரின் முகவரி இதுதான்.

டிஸ்கின் ஜாதகம்

கடையில் டப்பாவின் மேல் இருக்கும் பெயர் டிரைவுக்குத் தெரியாது. அது படிப்பது வேறொன்று. எழுதாத டிஸ்கிலும் உள்ளே சுருள் தடம் முன்பே வெட்டப்பட்டிருக்கும். அந்தத் தடத்தின் நெளிவிலும் (டிவிடி பிளஸ் ஆர் என்ற வகை), தடங்களுக்கு இடையிலான சிறு புள்ளிகளிலும் (டிவிடி மைனஸ் ஆர் என்ற வகை) டிஸ்கை வார்த்தவரின் அடையாளம் பதிந்திருக்கும். இதுதான் மீடியா ஐடி. வெர்பேட்டிம் 16எக்ஸ் பிளஸ் டிஸ்கைப் போட்டால் எம்சிசி 004 என்று வரும், மைனஸ் என்றால் எம்சிசி 03ஆர்ஜி20. ஜப்பானின் தையோ யூடென் டிஸ்க் டிஒய்ஜி03 என்று காட்டும். இம்ஜ்பர்ன் மென்பொருளில் பிளாங்க் டிஸ்கைப் போட்டுவிட்டு வலது பக்கப் பட்டியலைப் பார்த்தால் போதும், ஐடியும் இருக்கும், இந்த டிரைவ் இந்த டிஸ்கில் எந்தெந்த வேகத்தில் எழுதச் சம்மதிக்கிறது என்பதும் இருக்கும்.

டிரைவின் ஃபர்ம்வேரில், அதாவது அதற்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளில், ஒரு அட்டவணை உண்டு. இந்த ஐடி வந்தால் லேசரை இவ்வளவு சக்தியில், இந்த மாதிரித் துடிப்பில் சுடு என்று ஒவ்வொரு ஐடிக்கும் ஒரு குறிப்பு. டிரைவ் செய்த கம்பெனி அந்த டிஸ்கை வாங்கிப் போட்டுப் பார்த்து எழுதிய குறிப்பு அது. ஐடி அட்டவணையில் இருந்தால் டிரைவ் தெரிந்த வீட்டுக்குள் நுழைவது போல நுழையும். இல்லாவிட்டால் பொதுவான ஒரு குறிப்பை எடுத்துக்கொண்டு, வேகத்தையும் குறைத்துக்கொண்டு, தட்டித் தடவி எழுதும். எழுதும் முன் டிஸ்கின் உள் விளிம்பில் ஒரு மூலையில் சுட்டுப் பார்த்து லேசர் சக்தியைச் சரிசெய்துகொள்வதும் உண்டு. ஆனால் உள் விளிம்பில் பார்த்தது வெளி விளிம்புக்கும் பொருந்தும் என்பது நம்பிக்கைதான். மலிவு டிஸ்கில் சாயம் உள்ளே ஒரு தடிமன், வெளியே ஒரு தடிமன்.

இதனால்தான் 16எக்ஸ் என்று அச்சிட்ட ஒரே டிஸ்க் ஒரு டிரைவில் 16க்கும், இன்னொன்றில் 12க்கும், மூன்றாவதில் 8க்கும் மட்டும் சம்மதிக்கிறது. தலைகீழாகவும் நடக்கும்: 2005ஐ ஒட்டி வந்த சில டிரைவ்கள் தையோ யூடெனின் 8எக்ஸ் டிஸ்கையே 12எக்ஸில் எழுத அனுமதித்தன. இன்றைய 24எக்ஸ் டிரைவும் அந்த வேகத்தை எட்டுவது 16எக்ஸ் டிஸ்கை அதட்டித்தான். வேகம் டிஸ்கின் குணமும் இல்லை, டிரைவின் குணமும் இல்லை. கல்யாண வீடியோக்காரனுக்கு இதை எப்படிச் சொன்னால் புரியும் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "பத்துப் பொருத்தம் பாக்கிற மாதிரியா அண்ணே?" என்று அவனே கேட்டுவிட்டான்.

ஜாதகம் என்றால் போலி ஜாதகமும் உண்டு. பிரபல ஐடியைத் திருடிப் பதித்த டிஸ்க்குகள் வெகு காலமாகவே சந்தையில் இருக்கின்றன. அதுவும் தவிர, ஐடி சொல்வது அச்சின் செய்முறையை மட்டும். எந்தத் தொழிற்சாலையில், எந்த நாளில், யார் கண் பார்த்து வந்தது என்பதை அது சொல்லாது.

டிஸ்க்குகள்

நாங்கள் மேசையில் பரப்பியவை: வெர்பேட்டிம் 16எக்ஸ் டிவிடி மைனஸ் ஆர், அதே பெயரில் பிளஸ் ஆர், சென்னை ரிச்சி தெருவிலிருந்து தம்பி எப்போதோ வாங்கி வந்த ஐம்பது டிஸ்க் டப்பா ஒன்று (பெயர் வேண்டாம்), பிறகு என் அலமாரியில் கிடந்த மோசர் பேயர் 8எக்ஸ் கொஞ்சம்.

மோசர் பேயரைப் பார்த்ததும் எனக்கு மனசு கொஞ்சம் கனத்தது. கிரேட்டர் நொய்டாவில் தயாராகி, ஒரு காலத்தில் ஊர் ஊராகப் பெட்டிக்கடை வரைக்கும் தொங்கிய டிஸ்க். தமிழ்ப் படங்களைக்கூடக் குறைந்த விலையில் டிவிடியாகப் போட்டார்கள். 2018இல் அந்தக் கம்பெனி கலைக்கப்படும் நிலைக்குப் போய்விட்டது. தையோ யூடென் 2015லேயே இந்தத் தொழிலை விட்டது. மிட்சுபிஷி கெமிக்கல் தன் வெர்பேட்டிம் வியாபாரத்தை 2019இல் தைவானின் சிஎம்சிக்கு விற்றது. தையோ யூடெனின் தொழில்நுட்பமும் அதே சிஎம்சியிடம் போய், இப்போது சிஎம்சி புரோ என்ற பெயரில் வருகிறது. அதாவது பழைய விவாதங்களில் "ஜப்பான் டிஸ்க் வாங்கு, தைவான் டிஸ்க்கைத் தொடாதே" என்று சொன்னதெல்லாம் இன்றைக்குப் பயன்படாது. இன்று கிடைக்கும் நல்லதும் பெரும்பாலும் தைவான்தான்.

மைனஸா பிளஸா என்பதுதான் அடுத்த தேர்வு. மைனஸ் மூத்தது, பயோனியர் 1997இல் கொண்டுவந்தது. பிளஸ் ஆர் 2002இல் வந்தது. கொள்ளளவில் மைனஸ் ஒரு ஏழு எம்பி கூடுதல், அதைப் பொருட்படுத்த வேண்டாம். பொறியியல் கண்ணோடு பார்த்தால் பிளஸ்தான் மேல்: தடத்தின் இடம் குறிக்கும் முறை வேகத்தில் தடுமாறாது, டேட்டா வருவது நடுவில் நின்று மறுபடி தொடங்கினாலும் ஒட்டுப் போட்ட இடம் தெரியாமல் சேர்க்கும். அலுவலக பேக்கப்புக்கு நான் பிளஸ்தான் எடுப்பேன்.

ஆனால் துணி போர்த்திய அந்தப் பழைய பிளேயர்? பிளஸ் வருவதற்கு முன்பே வடிவமைத்த பிளேயர்கள் பிளஸ் டிஸ்கைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. சில டிரைவ்களில் பிளஸ் டிஸ்கின் முகப்பில் "நான் கடையில் விற்கும் அச்சிட்ட டிவிடி" என்று வேஷம் கட்டி எழுதிவிடலாம்; புக்டைப் மாற்றுவது என்பார்கள். மைனஸில் அந்த வசதி இல்லை, பெரும்பாலும் தேவையும் இல்லை. அறுபது வீட்டு பிளேயரும் என்ன மாடல் என்று தெரியாத நிலையில் நான் மைனஸ் பக்கம் சாய்ந்தேன்.

மற்றவற்றுக்கு ஒரு வரி போதும். திரும்ப எழுதும் ஆர்டபிள்யூ, ஒளி திருப்புவது குறைவு, பழைய பிளேயருக்கு ஆகாது, மெனு சோதித்துப் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 8.5 ஜிபி இரட்டை அடுக்கு, விலையும் அதிகம், அடுக்கு மாறும் இடத்தில் தடுமாற்றமும் அதிகம். இரண்டு டிஸ்க்காகப் பிரித்துக் கொடுப்பதே மேல்.

டிரைவ்கள்

முதலாவது பயோனியர் டிவிஆர்-111டி. 2006ஐச் சேர்ந்தது, பட்டை கேபிள் போடும் ஐடிஇ வகை. தம்பி அதை யூஎஸ்பி கன்வெர்ட்டரில் மாட்டி வைத்திருக்கிறான். இரண்டாவது லைட்-ஆன் ஐஹேஸ்124, ஐடிஇக்குப் பின் வந்த சாட்டா கேபிள் வகை, 24எக்ஸ். மூன்றாவது லேப்டாப்புக்கு வாங்கிய மெலிந்த யூஎஸ்பி டிரைவ், பெயர் சொல்லப்போவதில்லை.

மெலிந்த டிரைவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இன்றைக்கு முக்கால்வாசிப் பேர் கையில் இருப்பது அதுதான். இந்த வகையில் எழுதும் உச்சம் 8எக்ஸ். "8எக்ஸ் போதும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்று தம்பி மடக்கினான். இரண்டு 8எக்ஸும் ஒன்றல்ல. டெஸ்க்டாப் டிரைவ் 6இல் தொடங்கி 8இல் நிலைத்து எட்டு நிமிடத்தில் முடிக்கிறது. மெலிந்த டிரைவோ ஒரே சுழற்சியில் ஓடி 3.3எக்ஸில் தொடங்கி, கடைசியில்தான் 8ஐ எட்டுகிறது. பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அதன் 8எக்ஸ், அதன் சக்தியின் எல்லை. டெஸ்க்டாப்பின் 8எக்ஸ், பாதி மூச்சில் நடக்கும் நடை. மேலும் யூஎஸ்பி 2.0 போர்ட் தரும் கணக்கான மின்சாரம் 500 மில்லி ஆம்பியர். சுழல ஆரம்பிக்கும்போதும் எழுதும்போதும் டிரைவ் அதற்கு மேல் இழுக்கும். கம்ப்யூட்டரின் முன்பக்க போர்ட்டில் மாட்டியபோது முதல் டிஸ்க்கே பாதியில் நின்றது. பின்பக்கம், மதர்போர்டில் நேராக இருக்கும் போர்ட்டுக்கு மாற்றியதும் ஓடியது. எழுதும்போது கையை மேலே வைத்தால் அதன் நடுக்கம் மேசைக்குத் தெரிகிறது. 8எக்ஸ் எட்டும் கடைசி இரண்டு நிமிடத்தில் டம்ளர் தண்ணீரில் வட்டம் போட்டது.

பயோனியர் இதற்கு நேர் எதிர். கனம், இரும்பு மூடி, சத்தம் குறைவு. அந்தக் காலத்து ஆள் என்பதால் எம்சிசி ஐடி இரண்டையும் உடனே அடையாளம் கண்டு 16 வரைக்கும் சம்மதித்தது. மோசர் பேயரையும் தெரிந்தவரைப் போல ஏற்றுக்கொண்டது. பழைய டிரைவில் ஒரு எச்சரிக்கை: விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய கம்ப்யூட்டரில் நேராக மாட்டுகிறவர்கள் ஐடிஇ சேனல் டிஎம்ஏ என்ற வேகமான முறையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். கேபிள் கோளாறால் சில பிழைகள் வந்தால் விண்டோஸ் சத்தமில்லாமல் பிஐஓ என்ற மெதுவான முறைக்கு இறக்கிவிடும். பிறகு 16எக்ஸ் கேட்கும் நொடிக்கு 22 எம்பியை அனுப்ப முடியாமல், எழுதும் முன் டேட்டா காத்திருக்கும் பஃபர் மேலும் கீழும் குதிக்கும், டிஸ்க் முழுக்க ஒட்டுப் போட்ட இடங்களாக இருக்கும்.

லைட்-ஆன் எங்களுக்கு இரண்டு வேலை செய்தது. எழுதியது, எழுதியதைச் சோதித்தும் கொடுத்தது. இந்த வரிசையில் ஒரே 124க்குப் பின்னால் ஏ, பி, சி என்று எழுத்து மாறினால் உள்ளே இருக்கும் சிப் மாறியிருக்கலாம், அதனால் இன்னொருவர் சோதனை உங்கள் டிரைவுக்கு அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். புதிதாக வாங்குகிறவர்களுக்கு இன்று கடையில் எல்ஜி, ஏசுஸ் பெயரில் 24எக்ஸ் சாட்டா டிரைவ்கள் கிடைக்கின்றன. டெஸ்க்டாப்பில் இடம் இருந்தால் மெலிந்ததை விட்டுவிட்டு அதையே வாங்குங்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை.

சோதனை

"வெரிஃபை ஓகே வந்துச்சே, அப்புறம் என்ன?" என்பது ஸ்டூடியோக்காரர்கள் எல்லாரும் சொல்வது. வெரிஃபை சொல்வது, எழுதிய டிரைவாலேயே இப்போது படிக்க முடிகிறது என்பதை மட்டும். எவ்வளவு சிரமப்பட்டுப் படித்தது என்பதைச் சொல்லாது.

டிவிடியில் செக்டார் என்ற சிறு டேட்டாத் துண்டுகள் பதினாறை ஒரு கட்டாகக் கட்டி, 208 வரிசையில் அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் திருத்தும் பைட்டுகளைச் சேர்த்து எழுதுகிறார்கள். ஒரு வரிசையில் பிழை இருந்தால் அது ஒரு பிஐ எரர். அந்த வரிசையின் சொந்தத் திருத்தத்துக்கு மேல் போனால் பிஐ ஃபெயிலியர். அடுத்த கட்டத் திருத்தம் அதைப் பிடிக்கும். அதையும் தாண்டினால் படம் உடையும். நியமப்படி எட்டு கட்டுக்குச் சேர்த்து 280 பிஐ எரர் வரை பொறுத்துக்கொள்ளலாம். பிழை இல்லாத டிஸ்க் என்று ஒன்று கிடையாது, கேள்வி எவ்வளவு, எங்கே என்பதுதான். ஃபெயிலியர் எண்ணிக்கையைத்தான் நான் முதலில் பார்ப்பேன். எரர் கொஞ்சம் கூடுதலாக இருந்து ஃபெயிலியர் தட்டையாக இருந்தால் கவலை இல்லை.

எரிக் டெப்பே எழுதிய நீரோ சிடி-டிவிடி ஸ்பீடும் பிறகு வந்த ஆப்டி டிரைவ் கன்ட்ரோலும் இதை வரைபடமாகப் போடும். எல்லா டிரைவும் இந்தக் கணக்கைக் கொடுக்காது. கொடுக்கும் டிரைவ்களும் ஒரே டிஸ்குக்கு வேறு வேறு எண் சொல்லும். அதனால் எதில் எழுதினாலும், சோதிப்பது ஒரே டிரைவில், ஒரே வேகத்தில் இருக்கவேண்டும். எங்களுக்கு அது லைட்-ஆன், 8எக்ஸ்.

வெர்பேட்டிம் மைனஸில் வந்த படம் இப்படி. 16எக்ஸில் முதல் மூன்று ஜிபி வரைக்கும் தரையோடு தரையாக ஓடிய கோடு, அதற்கப்புறம் மெல்ல ஏறி, கடைசி அரை ஜிபியில் மேட்டில் ஏறிய மாட்டு வண்டி மாதிரி நின்றது. இரண்டு டெஸ்க்டாப் டிரைவிலும் இதே சாயல்தான். எல்லைக்குள்தான் இருந்தது. ஆனால் ஐந்து வருஷம் கழித்து, விரல் ரேகை பட்ட பிறகு? 8எக்ஸில் உள்ளிருந்து வெளிவரை ஒரே மட்டம்.

தம்பி எதிர்பார்க்காதது 4எக்ஸ். "எவ்வளவு மெதுவா எழுதுறமோ அவ்வளவு நல்லது" என்று அவனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள், பல பேருக்கு இது வேதவாக்கு. 4எக்ஸில் எழுதியது 8ஐ விடக் கொஞ்சம் மோசமாகவே வந்தது, உள்பக்கத்திலிருந்தே. 16எக்ஸ் டிஸ்கின் சாயம் குறைந்த நேரத்தில் அதிகச் சூட்டை வாங்கப் பக்குவப்படுத்தியது. மெதுவாகச் சுட்டால் சூடு பக்கத்தில் பரவி, குறியின் விளிம்பு மங்கும். கம்பெனிக்காரர்களும் ஃபர்ம்வேரில் 16எக்ஸ் டிஸ்கின் 4எக்ஸ் குறிப்பை மெனக்கெட்டுத் தீட்டியிருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். தோசைக்கல் மாதிரிதான்: சிம்மில் வைத்து வார்த்தால் மொறுமொறுப்பு வராது, கல் புகைய வைத்து வார்த்தால் ஓரம் கருகும்.

பிளஸ் டிஸ்கும் மைனஸும் இந்தச் சோதனையில் சொல்லும்படி வித்தியாசப்படவில்லை. மோசர் பேயர் 8எக்ஸை 6இல் எழுதியது, இத்தனை வருஷம் அலமாரியில் கிடந்ததற்கு மரியாதையாகவே வந்தது. அதை 8இல் ஓட்டிப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. மெலிந்த டிரைவில் வெர்பேட்டிம் 8எக்ஸ், டெஸ்க்டாப்பின் 16எக்ஸ் வரைபடத்தைப் போலவே கடைசியில் ஏறியது. 6எக்ஸுக்கு இறக்கியதும் அடங்கியது.

ரிச்சி தெரு டப்பாதான் நாடகம். இம்ஜ்பர்னில் போட்டால் ஒரு பெரிய கம்பெனியின் 16எக்ஸ் ஐடி. பயோனியர் அதை நம்பி 16க்குச் சம்மதித்தது. ஆறு நிமிடத்துக்குள் எழுதி முடித்து மணி அடித்தது. வெரிஃபையில் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டியதும் டிரைவ் இருமத் தொடங்கியது. உள்ளே போவதும் வருவதுமாக லென்ஸ் தேடும் சத்தம் கேட்டது, பிறகு செக்டார் படிக்க முடியவில்லை என்ற அறிவிப்பு. 8எக்ஸில் எழுதினால் வெரிஃபை தாண்டியது, ஆனால் பிஐ எரர் கோடு 280க்கு மேலேயும் கீழேயும் ரம்பப் பல்லாக ஆடியது. அதே டப்பாவிலிருந்து அடுத்த டிஸ்கை எடுத்து, அதே டிரைவில், அதே வேகத்தில் எழுதினால் வேறு படம். ஒரு டப்பாவுக்குள்ளேயே இரண்டு டிஸ்க் ஒத்துப்போகாவிட்டால் அதற்கு எந்த வேகமும் மருந்தல்ல. டிஸ்கை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தோம். வெளி விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குச் சாயம் திட்டுத் திட்டாக வெளுத்திருந்தது. கண்ணுக்கே தெரிகிறது, இதற்கு மென்பொருள் எதற்கு?

முடிவு

வெர்பேட்டிம் 16எக்ஸ் மைனஸ் ஆர், மேலே இங்க்ஜெட்டில் அச்சிடக்கூடிய வெள்ளை முகம் உள்ளது. டெஸ்க்டாப் டிரைவ் இரண்டிலும் ஒரே நேரத்தில், 8எக்ஸில். அறுபது டிஸ்குக்கும் 16எக்ஸில் மிச்சமாவது மொத்தம் இரண்டு மணி நேரம். இரண்டு டிரைவில் பிரித்தால் ஒரு மணி நேரம். இடையில் டிஸ்க் மாற்றுகிறவன் போன் பேசப் போய்விடுகிறான் என்பதைக் கணக்கில் எடுத்தால் அதுவும் இல்லை. டிரைவ் சூடேறுவதால் பத்து டிஸ்குக்கு ஒருமுறை கால் மணி ஓய்வு, பத்தில் ஒன்றை எடுத்து முழு ஸ்கேன், மற்றவற்றுக்கு வெரிஃபை மட்டும். மெலிந்த டிரைவை உறையில் போட்டு வைத்துவிட்டோம். ஒன்றிரண்டு காப்பிதான் வேண்டும், வேறு டிரைவ் இல்லை என்கிறவர்கள் அதையே பயன்படுத்தலாம், நல்ல டிஸ்க் போட்டு 6எக்ஸில்.

ஸ்டிக்கர் விஷயத்தில் தம்பியோடு சின்னச் சண்டை. தாத்தாவும் பாட்டியும் மாலையோடு நிற்கும் படத்தை வட்ட ஸ்டிக்கராக அடித்து ஒட்டுவதுதான் அவன் வழக்கம். ஸ்டிக்கர் அரை மில்லிமீட்டர் தள்ளி ஒட்டினாலும் வேகமாகச் சுற்றும்போது டிஸ்க் ஆடும். பசை காய்ந்து இழுத்தால் தட்டே வளையும். முகத்தில் நேராக அச்சடிக்க அவன் ஸ்டூடியோவிலேயே எப்சன் எல்805 இருக்கிறது, அதன் டிஸ்க் தட்டு பெட்டியைவிட்டு வெளியே வந்ததே இல்லை. எடுத்துக் கொடுத்தேன்.

கடைசியில் என் பெரியப்பா வீட்டு பிளேயரில் போட்டுப் பார்த்தோம். ரிமோட்டைச் சுற்றிப் பாலிதீன் உறை, அதன் மேல் ரப்பர் பேண்டு. நேராகக் கடைசி அத்தியாயத்துக்குத் தாவினோம். பந்தி, பிறகு வரிசை. நீலச் சட்டையில் பெரியப்பா தடியை ஊன்றிக்கொண்டு மேடை ஏறுகிறார், குனிகிறார், அட்சதை விழுகிறது, ஓரிடத்திலும் படம் உடையவில்லை. "இன்னொரு வாட்டி போடுப்பா" என்றார்.

ரிச்சி தெரு டப்பாவில் மிச்சமிருந்த நாற்பத்து மூன்றையும் தம்பி மாமனார் ஊருக்குக் கொண்டுபோனான். சோளக்காட்டில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்களாம், கிளி விரட்ட.